ஓய்வும் உழைப்பும்: ஒரு சுவாச நோய்ச் சிகிச்சையின் வரலாறு

நோயுற்றவனுக்கு ஓய்வே முதல் மருந்து என்பது மிகப் பழைய நம்பிக்கை. காய்ச்சற்காரனைப் பாயிற் கிடத்துவதும், எலும்பு முறிந்தவனை அசையவிடாது வைத்திருப்பதும் அந்த நம்பிக்கையின் வழி வந்தனவே. பல நோய்களில் அது பொய்ப்பதுமில்லை. ஆயினும், அன்போடும் அக்கறையோடும் விதிக்கப்பட்ட ஓய்வே நோயாளரை மெல்ல மெல்ல முடமாக்கிய நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, மூச்சிளைப்பால் மனிதரை வாட்டும் நாட்பட்ட சுவாசத்தடை நோய். இந்நோயாளர் இருக்கவேண்டியவரல்லர், நடக்கவேண்டியவர் என்பதை வைத்தியவுலகம் ஐயமற ஏற்றுக்கொள்வதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அந்த நாற்பது ஆண்டுகளின் வரலாறு, மருந்துகளின் வரலாற்றைப் போல ஆரவாரமுடையதன்று. ஆயினும் எத்தனையோ குடும்பங்களுக்கு நேரே பயன்படக்கூடியது.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். இந்நோயில் இருவகைக் கேடுகள் பெரும்பாலும் கலந்து காணப்படும். ஒன்று, மூச்சுக்குழாய்கள் ஆண்டுக்கணக்காக அழன்று, சளி மிகுந்து, உள்வழி ஒடுங்கிப்போதல். மற்றது, நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, சிற்றறைகள் பல ஒன்றாகித் தளர்ந்த பைகளாகிவிடுதல். நல்ல நுரையீரல் புதிய பலூனைப் போல விரிந்து தானே சுருங்கும். கெட்ட நுரையீரலோ பலமுறை ஊதித் தொய்ந்துபோன பலூனை ஒத்தது. உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. பழைய காற்றுத் தேங்கி நிற்பதனாற் புதிய காற்றுக்கு இடம் குறைகின்றது. நோயாளி விரைந்து மூச்சு வாங்க வாங்க இத்தேக்கமும் கூடுகின்றது. புகைபிடித்தலே இந்நோயின் தலையாய காரணம். சுரங்கத் தூசியும், நகரப் புகையும், காற்றோட்டமில்லாத அடுக்களையில் விறகெரிப்பதால் எழும் புகையும் அதனோடு சேர்வன. சிதைந்த சுவர்கள் மீண்டும் வளர்வதில்லை. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொண்டாலே பின்வரும் வரலாற்றின் வியப்பு விளங்கும்.

நோயை முதலில் தெளிவாக வருணித்தவர்களுள் பிரான்சு நாட்டு வைத்தியர் லென்னெக் முக்கியமானவர். 1816ஆம் ஆண்டில் இதயத் துடிப்பையும் மூச்சொலியையும் கேட்பதற்கு நாடிக்குழலை ஆக்கியவர் அவரே. 1819இல் வெளியிட்ட தம் பெருநூலில், காற்றறைகள் வீங்கிச் சிதையும் இந்நிலையையும் அவர் எடுத்துரைத்தார். 1846இல் இங்கிலாந்தில் ஜோன் ஹட்சின்சன் என்னும் வைத்தியர், ஒருவர் ஒரே மூச்சில் வெளிவிடக்கூடிய காற்றை அளக்கும் கருவியைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். அதற்காக அவர் 2,000க்கும் மேற்பட்டோரை ஊதச்செய்து அளந்திருந்தார். இவ்விருவருடைய பணியால், நுரையீரலின் கேட்டைக் காதாற் கேட்கவும் கருவியால் அளக்கவும் முடிந்தது. ஆனால் அளந்தறிந்த பின்னர் நோயாளிக்குச் செய்யத்தக்கது என்ன என்ற வினாவுக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை.

அந்த வினாவுக்கு முதலில் முகங்கொடுத்தவை காசநோய்ச் சுகாதார நிலையங்களே. யேர்மனிய வைத்தியர் ஹேர்மன் பிரேமர், 1850களிற் சைலீசியா மலைப்பகுதியில் அமைத்த நிலையத்தில், தம் நோயாளரை மலைப்பாதைகளிற் படிப்படியாக நடக்கச் செய்தார். அவரிடம் நோயாளியாக வந்து, பின் உதவியாளராக இருந்த பீற்றர் டெட்வைலரோ, 1876இல் தாம் பொறுப்பேற்ற பால்கன்ஸ்டைன் நிலையத்தில் இதற்கு மாறான வழியைக் கையாண்டார். நோயாளர் திறந்த தாழ்வாரங்களிற் சாய்கதிரைகளிலே நாள் முழுவதும் படுத்திருக்க வேண்டும் என்பது அவருடைய முறை. குருவின் வழி நடை, சீடரின் வழி ஓய்வு. உலகம் பெரும்பாலும் சீடரையே பின்பற்றியது.

மாற்றுக் குரல்கள் இடையிடையே எழாமலும் இல்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் வாழ்ந்த சாள்ஸ் டெனிசன் என்னும் வைத்தியர், 1895இல் நுரையீரல் நோயாளருக்கு ஏற்ற தேகாப்பியாசத்தையும் உணவையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில், 1905இல் திறக்கப்பட்ட பிரிம்லி சுகாதார நிலையத்தின் முதல் வைத்திய அதிகாரி மார்க்கஸ் பாற்றேசன், தம் நோயாளரை முதலில் நடக்கவும், பின்னர் கூடையில் மண் சுமக்கவும், அதன் பின்னர் மண்வெட்டி பிடிக்கவும் படிப்படியாகப் பழக்கினார். ஆனால் இவையெல்லாம் காசநோயைக் கருதிச் செய்யப்பட்டவை. 1943இல் ஸ்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து காசநோயின் வலிமை ஒடுங்கத் தொடங்கியது. சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. அவை வெறுமையானபோதும், சாய்கதிரை ஓய்வின் மீது வைத்தியர் கொண்டிருந்த நம்பிக்கை மட்டும் எஞ்சி நின்று, மற்றச் சுவாச நோயாளர் மீது வந்து படிந்தது.

இக்காலத்திலேதான் நாட்பட்ட சுவாசத்தடை நோய் உலகின் கண்ணிற் பட்டது. 1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆந் தேதி தொடங்கி 9ஆந் தேதி வரை, நிலக்கரிப் புகையோடு கலந்த கடும் மூடுபனி இலண்டன் மாநகரை மூடி நின்றது. அதனால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் அத்தொகையை 12,000 வரை உயர்த்தியுள்ளனர். இறந்தோரிற் பலர் ஏற்கெனவே நுரையீரல் நலிந்திருந்தவர்கள். 1956இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தூயகாற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்குச் சற்று முன்னர், 1950இல், புகைபிடித்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டோல், ஹில் என்னும் அறிஞர் இருவர் நிறுவியிருந்தனர். இவற்றால் நுரையீரலின் நலம் பொதுமக்கள் பேசும் பொருளாயிற்று.

எனினும், வைத்தியரிடம் வந்த நோயாளிக்குக் கிடைத்த புத்திமதி பழையதே. இளைப்பு வரும் காரியம் எதனையும் செய்யற்க, படி ஏறற்க, சுமை தூக்கற்க என்றே அவனுக்குச் சொல்லப்பட்டது. பிராணவாயுவாகிய ஒட்சிசனைக் கொடுப்பதற்குங்கூட வைத்தியர் அஞ்சினர். இந்நோயாளர் சிலருக்கு அதனை அளவின்றிக் கொடுத்தால் உடலிற் கரியமிலவாயு தேங்கி மயக்கம் நேரும் என்பது உண்மையே. அளவறிந்து கொடுக்கும் முறை வகுக்கப்படாத அந்நாளில், அந்த அச்சம் எல்லா நோயாளர்க்கும் பொதுவான தடையாகிவிட்டது. ஆகவே நோயாளி மருந்தின்றியும் நடையின்றியும் வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவனானான்.

இந்நிலையை முதலில் அசைத்தவர் நியூ யோர்க் நகரைச் சேர்ந்த அல்வன் பராக். ஒட்சிசன் சிகிச்சையில் 1920கள் முதலே பழகியவர் அவர். 1952இல் அவரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஒரு சிறு செய்தி இடம்பெற்றது. நுரையீரல் சிதைந்த நோயாளர் இருவரை ஒட்சிசன் கொடுத்தவாறே நாள்தோறும் நடக்கவிட்டனர். சில காலம் சென்றபின், முன்பு இயலாதிருந்த நடையை அவர்கள் ஒட்சிசன் இல்லாமலே நடக்கலாயினர். விளையாட்டு வீரனின் உடல் பயிற்சியாற் பக்குவமடைவது போன்ற மாற்றம் இவர்களுடைய உடலிலும் நிகழ்ந்திருக்கலாம் என்று பராக் கருதினார். மிகச் சரியான ஊகம் அது. ஆனால் இரண்டே நோயாளரை வைத்துச் சொல்லப்பட்ட ஊகத்தைப் பின்தொடர முன்வந்தோர் மிகச் சிலரே.

1964இல் அமெரிக்காவின் டலஸ் நகரிற் பியர்ஸ், மில்லர் முதலிய வைத்தியர்கள் ஒன்பது நோயாளருக்கு முறையாக நடைப்பயிற்சி அளித்து அளந்து பார்த்தனர். பயிற்சியின் பின், அதே வேகத்தில் நடக்கும்போது இதயம் முன்னிலும் குறைவாகத் துடித்தது. மூச்சின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆனால் ஊதி அளந்தபோது நுரையீரலின் நிலையில் மாற்றமே இல்லை. நுரையீரல் சீர்ப்படாமல் நோயாளி மட்டும் சீர்ப்பட்டது எவ்வாறு? இந்தப் புதிர் விடுபடுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு சென்றது.

புதிர் விடுபடும் வரை காத்திராமற் காரியத்தில் இறங்கியவர்கள் டென்வர் நகரத்தார். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்திலுள்ள அந்நகரம், முற்காலத்திற் காசநோயாளர் நாடி வந்த இடம். டெனிசன் தம் நூலை எழுதியதும் அங்கேதான். 1960களின் நடுப்பகுதியில், அங்குள்ள கொலராடோ பல்கலைக்கழக வைத்தியர் தோமஸ் பெற்றியும் அவருடைய குழுவினரும், நோயாளர் தோளில் சுமந்து செல்லக்கூடிய திரவ ஒட்சிசன் கலங்களைப் பயன்படுத்தலாயினர். படுக்கையோடு கட்டப்பட்டிருந்த சிகிச்சை, இப்பொழுது நோயாளியோடு கடைத்தெருவுக்கும் சென்றது.

பெற்றியும், அவருடன் பணியாற்றிய லூயிஸ் நெற் என்னும் தாதியும் வகுத்த திட்டம் ஒட்சிசனோடு நின்றுவிடவில்லை. நோயின் இயல்பை நோயாளிக்கும் குடும்பத்தினர்க்கும் விளக்குதல், உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சுவிடப் பழக்குதல், சளியை வெளியேற்றக் கற்பித்தல், நாள்தோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டுதல் ஆகிய யாவும் அதில் அடங்கின. 182 நோயாளரைக் கொண்ட அந்த முயற்சியின் முதற் பலன்கள் 1969இல் வெளியாயின. இளைப்புக் குறைந்தது. நடக்கும் தூரம் கூடியது. வைத்தியசாலையிற் படுத்த நாட்களும் குறைந்தன. 1974இல் அமெரிக்க மார்புநோய் வைத்தியர் கழகத்தின் குழுவொன்று, இத்தகைய சிகிச்சைக்கு நுரையீரற் புனர்வாழ்வு என்ற பெயரின் கீழ் வரைவிலக்கணம் வகுத்தது. ஒட்சிசனைப் பற்றிய ஐயமும் பின்னர் நீங்கியது. இரத்தத்தில் ஒட்சிசன் மிகக் குறைந்த நோயாளர்க்கு அதனை நாளொன்றுக்குப் பதினைந்து மணிநேரமோ அதற்கு மேலோ அளவறிந்து கொடுத்தால் ஆயுள் நீளும் என்பதை 1980இல் வட அமெரிக்காவிலும், 1981இல் பிரித்தானியாவிலும் வெளியான ஆய்வுகள் நிலைநாட்டின.

ஆனால் நடைப்பயிற்சியின் வழக்கு அவ்வளவு எளிதில் வெல்லவில்லை. ஐயுற்றோர் எழுப்பிய வினா வலியது. ஊதி அளக்கும் கருவி மாற்றம் எதனையும் காட்டாதபோது, நோயாளர் நலமுற்றனர் என்பது வெறும் ஊக்கமொழியின் விளைவாகாதா? தாதியரின் இன்சொல்லும், நோயாளர் ஒருவரோடொருவர் கூடும் மகிழ்ச்சியுமே இதற்குக் காரணமாகாவா? இந்த ஐயத்தை நல்லெண்ணத்தால் மட்டும் தீர்க்க இயலாது. அளக்கவேண்டியதை அளக்கும் கருவிகள் முதலில் வேண்டியிருந்தன.

அக்கருவிகள் வியக்கத்தக்க எளிமை உடையவையாக அமைந்தன. 1976இல் மக்கவின் முதலிய பிரித்தானிய வைத்தியர்கள், நோயாளி பன்னிரண்டு நிமிடத்தில் வைத்தியசாலை நடைகூடத்தில் எவ்வளவு தூரம் நடக்கின்றார் என்பதை அளக்கும் முறையை வெளியிட்டனர். 1982இல் அது ஆறு நிமிட நடையாகச் சுருக்கப்பட்டது. ஒரு கடிகாரமும் நீண்டதொரு நடைகூடமும் இருந்தாற் போதும். 1987இல் கனடா நாட்டு அறிஞர் கையற்றும் அவருடைய துணைவரும், குளித்தல், உடுத்தல், நடத்தல் போன்ற அன்றாடக் காரியங்களில் நோயாளி படும் இளைப்பையும், அவருடைய சோர்வையும் மனநிலையையும் கேட்டு எண்ணாற் குறிக்கும் வினாக்கொத்தொன்றை அமைத்தனர். நோயாளியின் வாழ்வையே அளவுகோலாக்கிய மாற்றம் இது.

புதிரின் விடை 1991இற் கிடைத்தது. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கசபூரியும் அவருடைய குழுவினரும் பத்தொன்பது நோயாளரை எட்டு வாரம் நிலையான சைக்கிளை மிதிக்கச் செய்தனர். ஒரு பகுதியினருக்குக் கடும் பயிற்சி, மற்றப் பகுதியினருக்கு இலேசான பயிற்சி. கடுமையாகப் பயின்றவர்கள் பின்னர் அதே வேலையைச் செய்தபோது, அவர்களுடைய இரத்தத்தில் இலற்றிக் அமிலம் முன்னிலும் மிகக் குறைவாகவே ஊறியது. அதற்கேற்ப அவர்கள் வாங்கவேண்டிய மூச்சும் குறைந்தது. 1996இற் கனடாவில் மல்றே முதலியோர், நோயாளரின் தொடைத்தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்து, ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் பயிற்சியால் அத்தசையில் வளர்ந்திருப்பதைக் கண்டனர். நோயாளரை வீழ்த்தியதில் நுரையீரலுக்கு எவ்வளவு பங்குண்டோ, வலுவிழந்த கால்களுக்கும் அவ்வாறே பங்குண்டு என்பது இவ்வாறு வெளியாயிற்று.

இக்கண்டுபிடிப்பின் பொருளை இவ்வாறு விளக்கலாம். இளைப்புக்கு அஞ்சி நோயாளி நடையைக் குறைக்கின்றார். நடை குறையவே கால்களின் தசை மெலிகின்றது. மெலிந்த தசை சிறு வேலைக்கும் விரைவிற் களைத்து, அமிலத்தை மிகுதியாகச் சுரக்கின்றது. அந்த அமிலத்தால் உடலிற் கரியமிலவாயு கூடுகின்றது. அதனை வெளியேற்ற மேலும் மூச்சு வேண்டும். அந்த மூச்சைத் தரும் வலிமை நுரையீரலுக்கு இல்லை. ஆகவே இளைப்பு மேலும் கூடுகின்றது, அச்சமும் கூடுகின்றது, நடை மேலும் குறைகின்றது. செக்கைச் சுற்றும் மாடு போன்ற இந்தச் சுழற்சியில் மனிதரால் மாற்றக்கூடிய கண்ணி ஒன்றே. அது தசை. சிதைந்த நுரையீரலைச் சீராக்க இயலாது. ஆனால் அந்த நுரையீரலிடம் உடல் கேட்கும் வேலையைக் குறைக்க இயலும். பராக் 1952இற் சொன்ன ஊகம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

இதன்பின் சான்றுகள் விரைந்து பெருகின. 1994இற் கனடாவின் ரொறன்ரோ நகரில் 89 நோயாளரிடத்தும், 1995இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 119 நோயாளரிடத்தும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் பயிற்சியின் பயனை உறுதிசெய்தன. 2000ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் 200 நோயாளரிடத்து நடந்த ஆய்வின் பலன் வெளியாயிற்று. ஓராண்டுக் காலத்தில் வைத்தியசாலையிற் சேரநேர்ந்தோருள், ஆறு வாரப் பயிற்சி பெற்றவர் சராசரி 10.4 நாட்களும், பெறாதவர் 21 நாட்களும் அங்கே தங்கினர். 2015இல், 65 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குகொண்ட 3,822 நோயாளரையும் ஒருசேர வைத்து ஆராய்ந்த கொக்ரேன் நிறுவனத்தார், இச்சிகிச்சை பயனுடையதா என்பதை வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டு இனியும் சோதிக்கத் தேவையில்லை எனக் கூறி அவ்வாராய்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தனர். ஒரு சிகிச்சைக்கு இதனினும் தெளிவான தீர்ப்புக் கிடைப்பது அரிது.

இத்துணை ஆராய்ச்சிக்கும் பொருளான இச்சிகிச்சை யாது எனிற், பெருங்கருவிகள் வேண்டாத எளிய ஒழுங்கே. முதலில் வைத்தியர் நோயாளியின் இதயத்தையும் நுரையீரலையும் சோதித்து, எவ்வளவு உழைப்பு அவருக்குத் தகும் என்று வரையறுப்பார். பின்னர் ஆறு முதற் பன்னிரண்டு வாரம் வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், இயன்மருத்துவரின் மேற்பார்வையில் நடையும் சைக்கிள் மிதித்தலும் சிறு எடை தூக்கலும் நடைபெறும். மூச்சைக் கட்டுப்படுத்தும் வழி, மருந்தை உரிய முறையில் உள்ளிழுக்கும் வழி, புகையைக் கைவிடும் வழி, உணவு முறை ஆகியன கற்பிக்கப்படும். பயிற்சியின்போது மிதமான இளைப்பு வருவது இயல்பென்றும், அது கண்டு அஞ்சவேண்டுவதில்லை என்றும் நோயாளி அனுபவத்தால் அறிகின்றார். அந்த அறிவே பாதிச் சிகிச்சை எனலாம். ஆயினும் இதன் எல்லையையும் மறத்தலாகாது. இது நோயை மாற்றுவதில்லை. பயிற்சியைக் கைவிட்டால், பெற்ற பயனும் காலப்போக்கிற் தேய்ந்துவிடும்.

இவ்வளவு சான்றிருந்தும் இச்சிகிச்சை எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று நோக்குமிடத்து மனம் வருந்தவே செய்யும். அமெரிக்காவில் 2014இல் இந்நோயால் வைத்தியசாலையிற் சேர்ந்து மீண்ட 1,97,376 முதியோரைப் பற்றிய ஆய்வொன்று 2020இல் வெளியானது. அவர்களுள் மூன்று மாதத்துக்குள் இப்பயிற்சியைத் தொடங்கியவர் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் மட்டுமே. அவ்வாறு தொடங்கியோருள் ஓராண்டுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 7.3 பேர். தொடங்காதோருள் 19.6 பேர். பயிற்சிக்குச் சென்றவர்கள் ஏற்கெனவே சற்று வலிமை உடையவர்களாக இருந்திருக்கலாம். ஆகவே வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் பயனாகக் கொள்ளல் தகாது. ஆயினும் செல்வம் மிக்க நாட்டிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் இதனைப் பெறவில்லை என்பது கருதத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்தவர் 35 இலட்சம் பேர். எழுபது வயதுக்கு முன் இந்நோயால் இறப்போரிற் பத்தில் ஒன்பது பேர் வருமானங் குறைந்த, இடைத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

பயிற்சி நிலையம் தொலைவில் இருப்பதும், அங்கே செல்ல வாகன வசதி இல்லாமையும் இதற்குப் பெருங் காரணங்கள். இதற்கும் வழி தேடப்பட்டுள்ளது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் 166 நோயாளரிடத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு பகுதியினர் நிலையத்துக்குச் சென்று பயின்றனர். மற்றையோரின் இல்லத்துக்கு இயன்மருத்துவர் ஒரே ஒருமுறை சென்று வழிகாட்டி, பின்னர் வாரந்தோறும் தொலைபேசியில் மட்டும் பேசி ஊக்கினார். எட்டு வார முடிவில், இல்லத்திற் பயின்றோர் அடைந்த நலம் நிலையத்திற் பயின்றோரின் நலத்துக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. நடப்பதற்கு ஒரு முற்றமும், எழுந்தெழுந்து அமர்வதற்கு ஒரு கதிரையும், நீர் நிரப்பிய போத்தல் இரண்டும் இல்லாத வீடு அரிது. வைத்தியரின் சோதனையும் வழிகாட்டலும் கிடைத்தால், இச்சிகிச்சை ஏழைக்கும் எட்டாததன்று.

இளைக்கும் தந்தையை எழவிடாது தடுத்து, தண்ணீர்ச் செம்பையும் கையிற் கொண்டு கொடுக்கும் பிள்ளைகளின் அன்பு பெரிதே. அந்நாளைய வைத்தியரின் அறிவுரையும் அத்தகைய நல்லெண்ணத்திற் பிறந்ததுதான். ஆனால் அன்புக்கும் அறிவு துணை வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. அத்தந்தையை வைத்தியரிடம் அழைத்துச் சென்று, எவ்வளவு நடக்கலாம் என்று கேட்டறிந்து, முதல் நாள் வாசற்படி வரையும், மறுநாள் வேலியோரம் வரையும் உடன் நடந்து செல்வதே, இன்றைய அறிவு அப்பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் தொண்டு.